பிடித்தவன் போட்ட விலை

ஈனிட், ஓக்லஹோமா
17 நவம்பர் 2016

எமெட் புரூயிட் அவர்களுக்கு,

"அவர்கள்" என்று போட்டிருக்கிறேன், கவனித்தாயா? லூயிவில் பேஸ்பால் அணியில் ஐந்து வருஷம் நான் பிட்சர், நீ கேட்சர். நான் வீசியதை நீ பிடித்தாய். அப்போதெல்லாம் வெறும் எமெட்தான். இப்போது போர்ட்லண்ட் அணியின் ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்ததும் பெரிய மனுஷனாகிவிட்டாய். போனை எடுப்பதில்லை. கேட்டால், ஆட்டக்காரனோடு அவனுடைய ஏஜென்ட் வழியாகத்தான் பேச வேண்டும் என்று ஆபீஸ் சட்டமாம். காகிதத்தைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் ஏஜென்ட் லாங்டன் வீட்டுக்கு வந்தார். எல்லா அணிக்காரர்களும் கூடும் அந்த ஸ்காட்ஸ்டேல் ஹோட்டலில் நின்று ஆளாளுக்குப் பேசியதைக் கேட்டுக்கொண்டு நேரே இங்கேதான் வந்திருந்தார். காப்பியைக்கூடத் தொடவில்லை.

"போர்ட்லண்ட்ல உன்ன ரெண்டு வருஷத்துக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர்னு போட்டு வெச்சிருக்காங்க, டாரன்" என்றார்.

"வருஷத்துக்கா?"

"இல்லப்பா. மொத்தமே."

என் மனைவி ஜனெல் சமையலறையிலிருந்து சிரித்தாள். "யாரு போட்ட கணக்கு அது? வாசல்ல நிக்கிற காவல்காரனா?" என்றாள். லாங்டன் உன் பெயரைச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் எனக்கு நாலு வருஷம், ஆறு கோடி என்று எழுதுகிறார்கள். அதை நம்பித்தான் லூயிவில் நீட்டிய ஒரு வருஷ ஒப்பந்தத்தை, ஒரு கோடியே எழுபது லட்சத்தை, திங்கட்கிழமை வேண்டாம் என்று சொன்னேன். இத்தனை காலம் அணி கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீசினேன். எந்த அணியோடும் நானே விலை பேசலாம் என்ற நிலை இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறது. முப்பத்து மூன்று வயதுக்காரனுக்கு இதுவே கடைசித் தடவையும். அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போட்டிருக்கிறாய்.

வாழ்க்கையில் உருப்படியாக ஒரு அடி அடிக்கத் தெரியாத நீ எனக்கு விலை போடுகிறாய். என் மகள் டெஸ்ஸாவுக்கு நீ ஞானத்தகப்பன் என்பதை நினைத்தால் வாய் கசக்கிறது.

பதில் எழுதுவாயா, அதற்கும் ஆபீசில் கேட்க வேண்டுமா?

டாரன் கெல்ஸோ


போர்ட்லண்ட், ஓரிகன்
25 நவம்பர் 2016

டாரன்,

எழுத்து கோணலாக இருக்கும். விரல்கள் உன் பந்தால் கோணியவை, பொறுத்துக்கொள்.

நேற்று நன்றி கூறும் நாள். பல வருஷங்களில் முதல் தடவையாக உன் வீட்டு மேசையில் நான் இல்லை. கடையில் வாங்கிய வான்கோழி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டும் தொண்டையில் இறங்கவில்லை.

எப்படிப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இல்லாவிட்டால் காலமெல்லாம் வஞ்சம் வைத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிவாய்.

ஒரு ஆட்டக்காரன் இருப்பதால் அணிக்கு வருஷத்தில் எத்தனை வெற்றி கூடுதலாக வரும் என்று பார்ப்போம். சந்தையில் ஒரு வெற்றி இன்றைக்கு எண்பது லட்சம் போகிறது. உன் வயதில், உன் வேகத்தில், இடது கையால் வீசியவர்கள் இதற்கு முன் என்ன வாங்கினார்கள் என்று பார்ப்போம். முப்பத்து மூன்றுக்கு மேல் வருஷா வருஷம் கொஞ்சம் தேய்ப்போம். அப்புறம் உன் வாலில் ஒரு டப்பா கட்டியிருக்கிறது. லூயிவில் நீட்டியதை நீ மறுத்துவிட்டதால், உன்னை எடுக்கிற அணி அடுத்த கோடையில் இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கும்போது தன் முதல் வாய்ப்பை இழக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு, அதையும் உன் தலையிலிருந்துதான் கழிப்பார்கள். நீ மறுப்பாய் என்று தெரிந்துதான் லூயிவில் அதை நீட்டியது. நீ போனால் அவர்களுக்கு ஒரு இளம் பையன் லாபம்.

இதெல்லாம் எந்த ஆபீசிலும் செய்கிற கணக்கு. இனிமேல் சொல்வதுதான் நான் சேர்த்தது.

நீ வெளியோரத்தில் தாழ்வாகப் போடுவாயே ஒரு பந்து, உனக்குச் சோறு போட்ட பந்து, அது பாதி நேரம் கட்டத்துக்கு வெளியேதான் வந்தது. நான் கையுறையை அதற்கும் கீழே வைத்துக் காத்திருந்து, பிடிக்கிற போக்கிலேயே ஒரு விரற்கடை உள்ளே கொண்டுவந்து அசையாமல் நிறுத்துவேன். நடுவர் கையுறை நின்ற இடத்தைப் பார்த்து, கட்டத்துக்குள் வந்த ஸ்ட்ரைக் என்பார். உனக்குக் கைதட்டுவார்கள். நான் ஆடியபோது லூயிவில்லில் அதை யாரும் எண்ணவில்லை, அதற்குக் கூலியும் இல்லை. ஆனால் மைதானம் முழுக்க கேமரா இருந்தது. ஒவ்வொரு பந்தும் எங்கே வந்தது, நடுவர் என்ன சொன்னார் என்று எண்ணலாம். எண்ணினேன். என் கை செய்ததை உன் பெயரிலிருந்து கழித்தேன்.

இந்த வருஷம் வேறொருவன் பிடித்தான். கட்டத்துக்கு வெளியே வீசி, அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்துபோக நீ விட்டவர்கள் எத்தனை பேர் கூடினார்கள் என்று நீயே பார். பின்னால் நின்ற பையன்கள் பாய்ந்து பாய்ந்து பிடித்ததால் தப்பித்தாய்.

என்னை லூயிவில் கழற்றிவிட்ட அன்று, இனி உங்கள் பந்தை யார் பிடிப்பார்கள் என்று ஒரு நிருபர் உன்னிடம் கேட்டான். "யாரு புடிச்சா என்ன, பந்து பந்துதானே" என்றாய். சரி. அது உண்மையானால் நான் கழித்ததில் உனக்கு ஒரு சென்ட்கூட நஷ்டம் வந்திருக்கக் கூடாது.

எமெட்


ஈனிட்
8 டிசம்பர் 2016

எமெட்,

பாடம் நடத்தியதற்கு நன்றி. உன் கடிதத்தை ஜனெல் உரக்கப் படித்தாள். "கழித்தேன்" என்ற இடத்தில் நிறுத்தி, "இவன் கணக்கு போடல, பங்கு கேக்கறான்" என்றாள். அவள் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

வீசியது யார்? குளிரில் கொப்புளம் வெடித்து ரத்தம் வழிய நின்றது யார்? நீ குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாய். அவ்வளவுதான். ஜேப்படிக்காரனும் விரல் வேலைதான் செய்கிறான், அதற்காக அவன் பாக்கெட்டுக்கு உரிமை கொண்டாடுவதில்லை.

நிருபரிடம் சொன்ன ஒரு வரியை வருஷம் முழுக்க நெஞ்சில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாய். முதலில் வாயைத் திறந்தது யார்? இரண்டாயிரத்துப் பதினாலு ஆகஸ்டில் எதிரணிக்கு ஒரு அடிகூட விடாமல் ஒன்பது சுற்றும் வீசி முடித்தேன். பிட்சருக்கு ஆயுசில் ஒரு தடவை வாய்த்தால் பெரிய விஷயம். அப்படி வீசியவன் தன் கேட்சருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். நான் கொடுக்கவில்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியும்.

வாங்கினேன் எமெட். பின்புறம் உன் பெயரும் அந்தத் தேதியும் பொறித்து வாங்கினேன். கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வரும்போது காரில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. உன் குரல். "எந்தப் பந்து போடணும்னு நான் விரல்ல காட்டினத அவன் ஒரு தடவைகூட தலையாட்டி மறுக்கல. யோசிச்சது நானு, வீசினது அவன்" என்று சொல்லி நீ சிரித்தாய். பேட்டி எடுத்தவனும் சிரித்தான். அந்தக் கடிகாரம் அன்றிலிருந்து என் சாக்ஸ் அலமாரியில்தான் கிடக்கிறது.

இன்னொன்று. உன் கணக்கு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்று லாங்டன் விசாரித்துச் சொன்னார். நான் லூயிவில்லை மறுப்பதற்கு முன்னால்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு கோடியே எழுபது லட்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருப்பேன். கூடவே உட்கார்ந்து தின்றுவிட்டு, நான் குழிக்குள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கிறிஸ்துமஸுக்கு டெஸ்ஸாவுக்குப் பரிசு அனுப்பாதே. திருப்பி அனுப்பிவிடுவேன்.

டாரன்


போர்ட்லண்ட்
20 டிசம்பர் 2016

டாரன்,

கடிகார விஷயம் இப்போதுதான் தெரியும். தெரிந்தும் என் கோபம் குறையவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் சொன்னது கேலி. நீ நிருபரிடம் சொன்னது கேலி இல்லை. அன்றைக்கு நான் என் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன், டாரன். முழங்காலில் ஐஸ் கட்டியோடு நின்றபடி சுவரிலிருந்த டிவியில் உன்னைப் பார்த்தேன். பையன்களெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபரில் ஏன் சொல்லவில்லை? அப்போது நீ லூயிவில் ஒப்பந்தத்தில் இருந்தாய். வேறு அணியின் ஆள் உன்னிடம் விலையைப் பற்றி மூச்சு விட்டிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அபராதம் வேறு. எனக்கு இருப்பது இந்த ஒரு வேலை. உனக்காக விரல்கள் போனது போதும், வேலையும் போக வேண்டாம் என்று பார்த்தேன். சொல்லியிருந்தால்தான் கேட்டிருப்பாயா? பொறாமைக்காரன் என்று போனை வைத்திருப்பாய்.

லாங்டன் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. மீதியைக் கேள். எங்களிடம் கிரோகா என்று ஒரு கேட்சர் இருக்கிறான். கை என்னுடையதைவிடச் சுத்தம், அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசக்கும் என்று நீ ஊகித்துக்கொள். கிரோகா பிடித்தால் உனக்கு இரண்டு வருஷம், ஒரு கோடியே எண்பது லட்சம். வேறு எவன் பிடித்தாலும் ஒரு வருஷம், அறுபது லட்சம். இதுதான் முழுக் கணக்கு. லாட்டரி விழுந்ததுபோல ஆறு கோடி கொடுக்க எந்த அணியும் இல்லை. பத்திரிகைக்காரன் தன் பையிலிருந்தா கொடுக்கப்போகிறான்?

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் உன்னை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் சண்டை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். உன்மேல் பாசம் என்று நினைத்துவிடாதே. கணக்கு அப்படி வந்தது, வந்ததைச் சொன்னேன். ஜனவரி நடுப்பகுதி வரை காத்திருப்பார்கள். வந்து கையெழுத்துப் போடு. நாம் பேசிக்கொள்ளத் தேவையில்லை, நான் மேல்மாடியில் இருப்பேன்.

பரிசை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். சின்னக் கையுறை. குழந்தை கேட்சருக்குத்தான் ஆசைப்படுகிறாள் என்று ஜனெல் போன வருஷம் சொன்னாள்.

எமெட்


ஈனிட்
27 ஜனவரி 2017

எமெட்,

கையுறையைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன். டெஸ்ஸா அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். எனவே இங்கேதான் இருக்கிறது. வெற்றி என்று நினைத்துக்கொள்ளாதே.

போன் அடிக்கவில்லை. என்னைவிட மட்டமாக வீசுகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, புதுத் தொப்பி மாட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிறார்கள். பத்திரிகையில் என் பெயர் இப்போது "இன்னும் இடம் கிடைக்காதவர்கள்" என்ற தலைப்பின் கீழ் வருகிறது. நவம்பரில் ஆறு கோடி எழுதிய அதே ஆள்தான் எழுதுகிறான். வெட்கமே இல்லை.

நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். உன் கணக்கை ஹோட்டலில் எவன் காதிலோ போட்டிருக்கிறாய். பழைய கேட்சரே இவ்வளவுதான் போட்டிருக்கிறான், உள்ளே ஏதோ பழுது இருக்கும் என்று எல்லா அணியும் பின்வாங்கிவிட்டது. இல்லை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன்.

ஜனெல் நேற்று, "உன் கௌரவத்த எந்த பேங்க்ல போடப்போற? அந்த போர்ட்லண்ட்காரங்களக் கூப்பிடு" என்றாள். இரண்டு பேரும் கத்திக்கொண்டோம். குழந்தை கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த இரண்டு வருஷ ஒப்பந்தம் இன்னும் இருக்கிறதா? நான் கேட்கவில்லை. லாங்டன் கேட்கச் சொன்னார்.

டாரன்


போர்ட்லண்ட்
4 பிப்ரவரி 2017

டாரன்,

லாங்டன் கேட்கவில்லை. லாங்டனுக்குப் போன வாரமே தெரியும். வேறொரு இடதுகைக்காரனை எடுத்துவிட்டோம். உன்னைவிட வயது குறைவு, விலையும் குறைவு.

ஜனவரி நடுவில் எங்கள் நிர்வாகி என் அறைக்கு வந்து, "உன் ஆளு வருவானா, மாட்டானா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நான் காட்டுறதுக்குத் தலையாட்டுற ஆளா அவன் இப்ப இல்ல" என்றேன். அவர் அங்கேயே நின்று போனில் பேசி முடித்துவிட்டார்.

ஐந்து வருஷம் நான் விரலைக் காட்டினால் நீ மறுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை மறுத்தாய், அதுவும் உனக்கு நல்லது காட்டியபோது.

யார் காதிலும் நான் எதுவும் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. எல்லா ஆபீசிலும் அதே கேமரா, அதே கணக்கு. உன்னைத் தெரிந்தவன் போட்ட கணக்கு என்பதால் எங்களுடையது கொஞ்சம் தாராளமாக இருந்தது, அவ்வளவுதான்.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், இருந்தது. உன் போன கடிதத்தைப் படித்ததோடு அதுவும் போய்விட்டது. இனி எழுதாதே.

எமெட்


பியோரியா, அரிசோனா
12 மார்ச் 2017

எமெட்,

எழுதாதே என்றாய். இது கடைசி.

சான் அன்டோனியோ அணி எடுத்தது. ஒரு வருஷம், நாற்பத்தைந்து லட்சம். லாங்டன் என் கண்ணைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

நேற்றுப் பயிற்சி ஆட்டம். கேட்சர் டெவ்லின் என்ற பையன். நல்ல பையன், மாடு மாதிரி உடம்பு, வெயிலில் மூக்கு உரிந்து கிடக்கிறது. இரண்டாம் சுற்றில் அந்தப் பந்தைப் போட்டேன். வெளியோரம், தாழ்வு. கையை விட்டுப் போனதுமே தெரிந்தது, அதைவிட நன்றாக நான் வீசியதில்லை. டெவ்லின் ஈயை அடிப்பதுபோல் கையுறையை மேலேயிருந்து கீழே கொண்டுவந்து பிடித்தான். பந்தோடு கையும் தரையைத் தொட்டது. நடுவர் ஸ்ட்ரைக் என்று சொல்லவில்லை. மறுபடி அதே பந்து, அதே பிடி. அடிக்க வந்தவன் அடிக்காமலே நடந்துபோனான். அடுத்தவனும் போனான்.

நான் பந்து வீசும் மேட்டில் நின்றுகொண்டு டெவ்லினின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் எனக்குக் கண் எரிந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பயிற்சியாளர் நடந்து வந்து, "கை வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

உன் கணக்கு தப்பு, எமெட். அறுபது போட்டாய். நாற்பத்தைந்துதான் போனேன். நேற்றைக்கு வீசியதைப் பார்த்தால் அதுவும் அதிகம். உலகத்திலேயே எனக்கு அதிக விலை போட்டவன் நீதான். அதற்காக நன்றி சொல்ல மாட்டேன். உன்னை மன்னிக்கவும் இல்லை. அக்டோபரில் நீ சொல்லியிருக்க வேண்டும்.

கூட ஒரு பொட்டலம் வரும். கடிகாரம். உன்னுடையது, நீயே வைத்துக்கொள். இனி நமக்குள் ஒன்றுமில்லை.

டாரன்


போர்ட்லண்ட்
20 மார்ச் 2017

டாரன்,

கடிகாரம் வந்தது. மாட்டிப் பார்த்தேன். இடது மணிக்கட்டு வீங்கிக் கெட்டுப்போய்விட்டது, கொக்கி எட்டவில்லை. உன் பந்தைப் பிடித்த கை, உனக்கே தெரியும். இதே பெட்டியில் திருப்பி வைத்திருக்கிறேன்.

என் பெயரைத் தேய்த்து அழிக்கச் சொல். பத்து நிமிஷ வேலை. அந்த டெவ்லினிடம் கொடு. வெறுமனே கொடுக்காதே, வேலை வாங்கிக்கொண்டு கொடு. கையுறையைப் பந்து வருவதற்கு முன்பே தரையை ஒட்டிப் போடச் சொல். கீழேயிருந்து மேலே பிடிக்கட்டும், மேலேயிருந்து கீழே வேண்டாம். இடது முழங்காலைத் தரையில் ஊன்றினால் உடம்பு ஆடாது. பிடித்ததும் நடுவர் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது. பிடிவாதக்காரனாக இருந்தால் ஒரு மாதம் ஆகும், கேட்கிறவனாக இருந்தால் ஏப்ரலுக்குள் வந்துவிடும். வந்துவிட்டால் நவம்பரில் உன் விலை ஏறும். இந்தத் தடவை வாலில் டப்பாவும் இருக்காது, ஒருவனுக்கு ஒரு தடவைதான் அதைக் கட்டலாம். ஏறினால் அந்தக் கணக்கையும் இங்கே நான்தான் போட வேண்டியிருக்கும், அப்போதும் பிடித்தவன் பங்கைக் கழித்துவிட்டுத்தான் போடுவேன்.

டெஸ்ஸாவின் பிறந்தநாளுக்கு என்னிடமிருந்து தனியாக ஒன்று வரும். அது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம், நீ தலையிடாதே.

நீ மன்னிக்கவில்லை. நானும் இல்லை. இதற்குப் பதில் வேண்டாம்.

ஒன்று மட்டும். யார் பிடித்தாலும் பந்து பந்துதான் என்று அந்தப் பையனிடம் சொல்லிவிடாதே.

எமெட் புரூயிட்